ஏரிக்குழியில் வைத்த பிள்ளையார்

நான் கும்பிட்ட ஒரு கும்பிடு இன்னொருத்தர் கையை ஒடித்தது. அடித்தவர் என் பெரியப்பா மகன். அடி வாங்கியவர் என்னோடு ஏரியில் மண் வெட்டியவர். நான் தலையில் தீர்த்தக் குடத்தோடும் வாயில் மஞ்சள் துணிக் கட்டோடும் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவன் நான். எழுதிப் பழக்கம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அம்மன் பொறுத்துக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் கடைசி அது. நாமகிரிப்பேட்டையிலிருந்து மலைப்பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை ஏமாற்றியது. என் பங்குக் கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. எருதுகளை விற்றாயிற்று. பெரியப்பா மகனுக்கு, அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளை போட்டதில் ஊற்று அகப்பட்டிருந்தது. அவர் மோட்டார் ஓடியது. அவர் காட்டில் கடலையும் மஞ்சளும் பச்சையாக நின்றன. எங்கள் வீட்டுக்குக் குடிக்கிற தண்ணீர்கூட அவர் தொட்டியிலிருந்துதான்.

அந்தச் சமயத்தில்தான் ஏரி வேலை வந்தது. ஏரியில் தூர் வாரினால் கூலியாகக் கோதுமை. வெளிநாட்டில் விளைந்து, கப்பலில் மெட்ராசுக்கு வந்து, ரயிலில் சேலம் வந்து, லாரியில் எங்கள் ஊருக்கு வந்த கோதுமை. மூட்டையில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது. தானமாகக் கொடுத்தது, விற்கக் கூடாது என்று எழுதியிருப்பதாகப் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். பஞ்சத்தில் ஏழை ஜனம் பட்டினி கிடக்கக் கூடாதென்று அந்த நாட்டார் அனுப்புகிறார்களாம். முகம் தெரியாதவர்கள் நமக்குச் சோறு போடுகிறார்களே என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

முதல் லாரியிலேயே ரத்தம் பார்த்தோம். மூன்று ஊர் ஜனம் அதைச் சுற்றிக்கொண்டது. கோதுமை வேலை செய்தவர்களுக்குத்தான், சும்மா கொடுப்பதில்லை என்று யாரோ கத்தினார்கள். யார் கேட்டார்கள்? மேலே ஏறியவர்களைக் கீழே இருந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கி ஒரு வாலிபன் கன்னத்தில் பட்டு, காதுவரை கிழித்துவிட்டது. சதை தொங்கியது. அவன் ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, மற்ற கையால் சிந்திக் கிடந்த கோதுமையை வாரி வேட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தான். போலீஸ்காரர்கள் வந்து தடியால் விளாசியபோதுதான் கூட்டம் கலைந்தது. சிந்தின கோதுமையை அந்த இடத்து மண்ணோடு சேர்த்துக் கூட்டி அள்ளிப் போனார்கள் பெண்கள். அதில் கொஞ்சம் சிவப்பாக இருந்தது.

அப்புறம் ஒழுங்கு வந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒரு குழி என்று ஏரிக்குள் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள். வெட்டின ஆழத்துக்குத் தக்கபடி கோதுமை.

எங்கள் ஆட்கள் அந்த வேலைக்குப் போவதில்லை. நிலம் வைத்திருக்கிறவன் கூடை தூக்குவதா என்று பேச்சு. என் வீட்டுக்காரிதான் ஒரு நாள் காலிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“ஏனுங்க, கௌரவத்தையா ஊட்டுல கொட்டி வெச்சுச் சோறாக்கறது? போறதுன்னா போங்க. ஆரு சிரிச்சாலும் அவிய ஊட்டுல போயி ஒரு வேளை உண்டுக்க முடியுமா?”

போனேன். ஓவர்சியர் என்னை வடக்குத் தெரு ஆட்களின் குழியில் சேர்த்தார். காலம் காலமாக எங்கள் காடுகளில் கூலி வேலை செய்தவர்கள் அவர்கள். அந்தக் குழிக்குத் தலையாள் ஒருவர் உண்டு. மெலிந்த, நெட்டையான மனிதர். மண்வெட்டி அவர் கையில் கரண்டி மாதிரி போய்வரும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அன்றைக்கு நான் அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போதுதான் ‘அவர்’ வருகிறது. கூட மண் வெட்டினேனே தவிர, மத்தியானக் களியை நான் தனியாக வேலமரத்தடியில் போய்த்தான் சாப்பிட்டேன். அவர்களும் அதை எதிர்பார்த்தார்கள்.

“சாமிக்கு மம்பட்டி புடிக்கத் தெரியலீங்க,” என்று முதல் நாள் தலையாளின் பெண்சாதி சிரித்தாள். “கோயிலு மணி ஆட்டறாப்பல ஆட்டறாரு.”

“உன்ற வாய மூடு. ஏழு நாளு போனா வந்துரும்,” என்றார் அவர். வந்துவிட்டது.

குழி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றிலும் மண்ணை வெட்டி எடுத்தாலும் குழியின் நடுவில் ஒரு மண் தூணை மட்டும் வெட்டாமல் விட வேண்டும். அதன் உச்சியில் பழைய தரையின் புல் அப்படியே இருக்கும். அளக்க வருகிற ஓவர்சியர் அந்த உச்சியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டால் எத்தனை அடி வெட்டினோம் என்று தெரிந்துவிடும். அந்தத் தூண்தான் குழிக்குச் சாட்சி. அதைத் தொட்டால் திருட்டு. சில ஊர்களில் தூணின் உச்சியில் ரகசியமாக மண்ணை அப்பி உயர்த்திவிடுவார்களாம். அரை அடி உயர்த்தினால் அரை அடி வெட்டாமலே கோதுமை.

இது எனக்கு அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நான் எந்த வேலை தொடங்கினாலும் பிள்ளையார் பிடித்து வைத்துக் கும்பிட்டுத்தான் தொடங்குவேன். எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது அது. புதுக் குழி தொடங்கி இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. மஞ்சள் பிள்ளையார் பிடித்துக்கொண்டு போனேன். எங்கே வைப்பது? குழிக்குள் எங்கே பார்த்தாலும் கால் பட்ட மண். கரையில் ஆடு மாடு. கால் படாத இடம் அந்தத் தூணின் உச்சி ஒன்றுதான். ஆனால் அங்கே காய்ந்த புல் கரடுமுரடாக இருந்தது. ஈரக் களிமண்ணை அள்ளி அதன்மேல் அப்பி, ஒரு சாண் உயரத்துக்கு மேடை கட்டி, வழுவழுவென்று தடவி, அதன்மேல் பிள்ளையாரை வைத்து, சுற்றிலும் வேரோடு அருகம்புல் நட்டேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். மனசு குளிர்ந்தது.

கண்ணைத் திறந்தால் தலையாள் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“சாமி, அது மேல மண்ணு வெக்கக் கூடாதுங்களே.”

“பிள்ளையாருக்குத்தானப்பா.”

“சரிங்க சாமி. அளக்கற அன்னிக்கி மறக்காம எடுத்துருங்க. நாங்க அதத் தொட முடியாதுங்க. நீங்க வெச்ச சாமி.”

“எடுத்தர்றேன்,” என்றேன். அளவு அடுத்த வாரம்தானே என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு ஏரி வேலை ஆரம்பத்திலிருந்தே கசப்பு. கடலை பறிக்க ஆள் இல்லை. காலம் காலமாக விடியுமுன் வாசலில் வந்து நின்ற ஜனம் ஏரிக்குப் போய்விட்டது. அவர் கொடுத்த கூலியைவிட ஏரிக் கோதுமை அதிகம். ஒரு நாள் காலை அவர் வண்டி மாட்டுச் சாட்டையோடு ஏரிக்குப் போகும் தடத்தில் வந்து நின்றார். கூடவே இரண்டு பண்ணையாட்கள்.

“எங்கடி போறீங்க? வெள்ளைக்காரன் போடற பிச்சைக்கா? காட்டுல கடலை மண்ணுக்குள்ள மொளைக்குது!”

தலையாளின் பெண்சாதி முன்னால் நின்றாள். “கூலிய சேத்திக் குடுங்க, வாறோம் சாமி.”

சாட்டை வீசுகிற சத்தம் கேட்டது. அவள் கூடையை முகத்துக்கு நேரே தூக்கினாள். கூடையின் விளிம்பு பிய்ந்து பறந்தது. இரண்டாவது வீச்சு அவள் தோளில் விழுந்தது. ரவிக்கையோடு தோல் கிழிந்தது. அவள் அழவில்லை. பிய்ந்த கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவரைச் சுற்றி நடந்து போனாள். பின்னால் மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தடத்தை விட்டு இறங்கி முள்ளில் மிதித்துப் போனார்கள். கடைசியாக வந்தவன் நான். அண்ணன் என் முன்னால் காறித் துப்பினார்.

“வாடா கோதுமைக்காரா. நீயும் அவளுகளோட பொட்டுக்கூடை தூக்கப் போறியா? நம்ம அப்பனுக பேரை ஏரிக்குள்ள பொதைச்சுட்டு வா.”

தலை குனிந்துகொண்டு போனேன். அவள் தோளுக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம் என் மகளுக்கு அம்மை போட்டது. மூன்று வயது. முகமெல்லாம் முத்து. கண் திறக்கவில்லை. மாரியம்மனுக்கு மலைத்தீர்த்தம் கொண்டுவந்து ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் அதற்கு ஒரு முறை உண்டு. மலையில் நீர் விழுகிற இடத்தில் குடத்தை நிரப்பினால், அம்மன் தலையில் ஊற்றுகிற வரைக்கும் குடம் தரையைத் தொடக் கூடாது, கை மாறக் கூடாது. வாயில் மஞ்சள் துணி கட்டிக்கொள்ள வேண்டும். எச்சில் படக் கூடாது, பேச்சும் கூடாது. ஊற்ற வேண்டிய நாளுக்கு முந்தின நாளே புறப்பட்டு மலை ஏறினேன். குழிக்குள் இருக்கிற மண் மேடை என் நினைவில் வரவே இல்லை.

நான் மலையில் இருந்தபோது ஒன்றியத்திலிருந்து ஆள் வந்து, கோதுமை அனுப்புகிற நாட்டுக்காரர் ஒருவர் ஏரி வேலையைப் பார்க்க மறுநாள் வருகிறார், எல்லாக் குழியையும் உடனே அளந்து வையுங்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். அளவு நாலு நாள் முன்னால் வந்துவிட்டது.

மத்தியானம் குடத்தோடு ஏரிக்கரையில் வந்துகொண்டிருந்தேன். கோயிலுக்கு அதுதான் தடம். கீழே எங்கள் குழியைச் சுற்றிக் கூட்டம். ஓவர்சியர் தூணின் பக்கத்தில் நின்றுகொண்டு கடப்பாரையை உச்சியில் குத்தினார். அது ஒரு சாண் ஆழம் வெண்ணெயில் போவது போல இறங்கியது. மஞ்சள் பிள்ளையாரைக் காக்கையோ ஆடோ கொண்டுபோயிருந்தது. மிச்சம் இருந்தது களிமண்ணும் அதில் வேர் பிடித்த பச்சைப் புல்லும்தான். பார்க்கிறவர்களுக்கு அது நேற்று அப்பின திருட்டு மண்.

“பச்சை மண்ணு! புல்லு வேற நட்டு வெச்சிருக்கறானுக பாரு,” என்று ஓவர்சியர் கத்தினார். “நாளைக்கு அந்தாளு பாத்தான்னா மொத்த ஒன்றியத்துக்கும் கோதுமையை நிறுத்திப் போடுவான். இந்தக் குழிக்கு ஒரு படி கெடையாது. போலீசுல எழுதிக் குடுக்கறேன்.”

தலையாள் கை கூப்பிக்கொண்டு சொன்னது மேலே எனக்குத் தெளிவாகக் கேட்டது. “நாங்க வெக்கலீங்க. அது திருட்டு மண்ணில்லீங்க. சாமி புள்ளாரு வெச்சதுங்க.”

“எந்தச் சாமி?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கரைமேல் நான். “அதா, அந்தச் சாமிங்க,” என்று வலது கையை நீட்டி என்னைக் காட்டினார்.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணனும் அங்கேதான் இருந்தார். ஓவர்சியரோடு வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருந்தவர், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்குத் தெரியும். நான் எங்கே போனாலும் பிள்ளையார் பிடிக்கிறவன் என்று அவர் சின்ன வயசிலிருந்து அறிந்தவர்.

“எங்க ஊட்டு ஆளைக் கையைக் காட்டறியாடா?”

கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துத் திருப்பிப் பிடித்தார். காம்பின் தடித்த பக்கம் நீட்டின கையில், முழங்கைக்குக் கீழே விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கரைவரைக்கும் வந்தது. கை தவறான இடத்தில் மடிந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் முதுகில் இரண்டாவது, தலையில் மூன்றாவது. அவர் பெண்சாதி ஓடிவந்து அண்ணன் கையைக் கடித்தாள். பண்ணையாட்களில் ஒருவன் அவளை முடியைப் பிடித்து இழுத்து வயிற்றில் உதைத்தான். அவள் குழிக்குள் உருண்டாள். குழியில் இருந்த மற்ற ஒன்பது பேரும் மண்வெட்டியை ஓங்கவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல் நின்றார்கள்.

நான் மஞ்சள் துணியை இழுத்துவிட்டு, அது என்னுடைய பிள்ளையார் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். குடம் தரையைத் தொட்டால் என் மகளுக்கு என்ன ஆகுமோ என்று பயம். அண்ணன்மேலும் பயம். எது முதலில் வந்த பயம் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தலையை அசைக்கவும் முடியாது, குடம் தளும்பும். நான் நடந்தேன். பின்னால் அடி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கோயிலில் தீர்த்தத்தை அம்மன் தலையில் ஊற்றினேன். வழியில் ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை. பூசாரி விபூதி கொடுத்தார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து குழந்தை நெற்றியில் பூசினேன். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். அவளை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

வீட்டுக்காரிக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது.

“மாமா, அந்த மண்ண வெச்சது நீங்கதான?”

ஆமாம் என்றேன்.

“அப்பறம் எதுக்கு இங்க ஒக்காந்திருக்கறீங்க?”

வாழ்நாளில் முதல் தடவையாக வடக்குத் தெருவுக்குள் போனேன். தலையாளைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மூங்கில் சிம்பு வைத்து, முட்டையும் உளுந்துமாவும் பூசிக் கையைக் கட்டியிருந்தது. தலையில் சுற்றின துணி நனைந்து கறுத்திருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அப்போதுகூட.

அவர் பெண்சாதிக்கு உதடு வீங்கியிருந்தது. “வாங்க சாமி. குடம் எறக்கியாச்சுங்களா? ஒரு பொட்டுத் தண்ணி கீழ சிந்தலீங்களே?”

“சும்மா இரு புள்ளே,” என்றார் அவர்.

“எதுக்குச் சும்மா இருக்கோணும்? ஒரு துணியப் பிரிச்சுப் பேச இவருக்குக் கை இல்லியா? ரெண்டு கை நல்லாத்தான இருக்குது!”

அவர் மெல்லச் சொன்னார். “என்ற கை போவட்டுங்க சாமி. திருடன்னு எழுதிட்டா பன்னண்டு பேருக்கும் இனிமே ஏரியில வேலை கெடையாது. இத்தன நாளு வெட்டின கோதுமையும் இல்லை. புள்ளைக நேத்திருந்து கீரைத்தண்ணிதான். நாளைக்கு அந்த வெளிநாட்டு ஆளு வர்றப்ப வந்து சொல்லுங்க. அது போதும். என்னைய அந்தப் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாரு ஓவர்சியரு. கட்டுப் போட்ட கை தெரியக் கூடாதாம்.”

சொல்கிறேன் என்றேன். என் வார்த்தையை அவர்கள் நம்பின மாதிரித் தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் சேதி அண்ணனுக்கு எட்டிவிட்டது. வாசலுக்கு வந்தார். கடிபட்ட கையில் துணி சுற்றியிருந்தார்.

“தம்பி, நாளைக்கு நீ ஏரிப்பக்கம் வராதே. வந்து வாயைத் தொறந்தீன்னா தொட்டித் தண்ணி கெடையாது. அம்மை போட்ட புள்ளைய வெச்சிருக்கறே, தண்ணி வேணும் பாரு. சொல்லிட்டேன்.”

மறுநாள் காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு புறப்பட்டேன். கரையின் மதகுப் பக்கத்தில் அண்ணன் இரண்டு ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார்.

“போயிரு.”

“நாந்தாண்ணா மண்ணு வெச்சேன். சொல்லாமப் போனா சாமி கேக்கும்.”

“சாமி அப்பறம் கேக்கட்டும், இப்ப நான் கேக்கறேன்,” என்றார்.

இரண்டு பேரும் என் கைகளைப் பின்னால் முறுக்கினார்கள். அண்ணன் சாட்டைக் கம்பின் அடிப்பக்கத்தால் என் வாயில் அடித்தார். வாயில் குத்தினால் பேச முடியாது என்று கணக்குப் போட்டிருப்பார். இரண்டு பல் நாக்கின்மேல் விழுந்தன. இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி. அப்புறம் விலாவில் உதைத்தார். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் மூச்சு வாங்கும்போது வருகிற சத்தம்கூட எனக்குப் பழக்கம். அதைக் கேட்டுக்கொண்டே அடி வாங்கினேன். கீழே ஏரிக்குள் எங்கள் குழி ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் மேலே வரவில்லை. அவர்கள் எதற்கு வர வேண்டும்? நேற்று நான் போனேனா?

ஜீப் வருகிற சத்தம் கேட்டதும் அண்ணன் விட்டுவிட்டார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கும்பிடு போட முன்னால் போனார். நான் கரைச்சரிவில் உருண்டு குழிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வந்த வெளிநாட்டுக்காரர் உயரமானவர், வயசானவர். கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. கூட ஒன்றிய அதிகாரியும், பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு பேண்ட்டுக்காரரும். ஓவர்சியர் எங்கள் குழியைத் தாண்டி அவர்களை அடுத்த குழிக்குக் கூட்டிப் போகப் பார்த்தார். நான் குறுக்கே விழுந்து கும்பிட்டேன். வாயிலிருந்து ரத்தம் என் கும்பிட்ட கையில் சொட்டியது.

“இந்தக் குழியில திருட்டு இல்லீங்க. மண்ணு வெச்சது நானுங்க. புள்ளாருக்கு.” உடைந்த வாயில் வார்த்தை குழறியது. பேண்ட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

“இவன் பைத்தியமுங்க,” என்றார் ஓவர்சியர். “இதெல்லாம் எப்படி நம்பறது?”

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அம்மன்தான் தோன்றவைத்தாள் என்று சொல்வேன். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு தூணுக்குப் போனேன். நானே வைத்த மேடை, நானே கும்பிட்ட இடம். மண்வெட்டியைப் பக்கவாட்டில் வீசி அந்தக் களிமண்ணைப் பெயர்த்துத் தள்ளினேன். பச்சைப் புல்லோடு அது குழிக்குள் விழுந்து உடைந்தது. அதன் அடியில், நசுங்கி வெளுத்துப் போய், பழைய ஏரித்தரையின் காய்ந்த புல் அப்படியே ஒட்டிக் கிடந்தது. அதுதான் அசல் மட்டம்.

“இங்கிருந்து அளங்க,” என்றேன்.

வெளிநாட்டுக்காரர் பூட்ஸோடு குழிக்குள் இறங்கினார். அந்தக் காய்ந்த புல்லை விரலால் தடவிப் பார்த்தார். டேப்பின் ஒரு முனையை அவரே அதன்மேல் பிடித்துக்கொண்டார். ஓவர்சியர் கீழ்முனையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. எங்கள் குழி மற்ற எல்லாக் குழியையும்விட ஆழமாக இருந்தது. ஒன்றிய அதிகாரி ஓவர்சியரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்றைக்கே கோதுமை கொடுத்துவிடு என்றார்.

வெளிநாட்டுக்காரர் என் வாயைக் காட்டி ஏதோ கேட்டார். பேண்ட்டுக்காரர் என்னைக் கேட்காமலே பதில் சொன்னார். “கை ஒடிஞ்சு ஒருத்தரு ஊட்டுல கெடக்கறாருங்க, அதையும் சொல்லுங்க,” என்றேன். அவர் சொன்னாரா, என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரர் என்னையும் கரைமேல் நின்ற அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஜீப் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. போலீசில் யாரும் எதையும் எழுதவில்லை.

அன்று மாலையிலிருந்து அண்ணன் தொட்டிக்குப் பூட்டுப் போட்டார். வீட்டுக்காரி குடத்தோடு வடக்குத் தெருப் பம்புக்குப் போனாள். அவளை அங்கே யாரும் தடுக்கவில்லை. வரிசையில் கடைசியில் நிற்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பொழுதோடு பள்ளிக்கூட வாசலில் கோதுமை கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் முழுப் பங்கு என்று வந்தது. ஆனால் தலையாள் பங்கில் கொஞ்சம் குறைந்தது. கை ஒடிந்ததிலிருந்து வேலைக்கு வராத பொழுதுக்குக் கிடையாதாம். சட்டம் அப்படியாம். அவர் பெண்சாதி ஓவர்சியரிடம் வாதாடவில்லை. கிடைத்ததைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் என் பங்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவள் சாக்கின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இதையும் எடுத்துக்கம்மா.”

அம்மா என்று வடக்குத் தெருவில் ஒருத்தியை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் அது தெரிந்தது. என் வீங்கின வாயைப் பார்த்தாள்.

“இன்னிக்குச் சொன்னீங்க சாமி. இல்லைன்னு சொல்லலீங்க. திருடங்கற பேரு போச்சு, எங்க எல்லாரு ஊட்லயும் இன்னிக்கு அடுப்பெரியும்,” என்றாள். “ஆனா இத நான் எடுத்துட்டுப் போனா, அந்தக் கையிக்கு ஈடாயிருச்சுன்னு உங்களுக்குத் தோணிப் போவும். வேண்டாமுங்க.”

சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அடிபட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி போனாள். தூக்கிவிட நான் கை நீட்டினேன். அவள் வேறொரு பெண்ணைக் கூப்பிட்டாள்.

அந்தக் கை கோணலாகத்தான் கூடியது. மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் குடும்பத்தோடு ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விட்டார்கள். அங்கே காவல் வேலையாம். போகும்போது அவர் வந்து சொல்லிக்கொண்டு போனார், வாசலுக்கு வெளியே நின்றபடி. உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது.

அன்றைக்கு அவள் விட்டுப்போன கோதுமையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரி அதைக் குத்தி, களி கிண்டினாள். என் வாய் முழுக்கப் புண். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். குழந்தைக்கு ஊட்டிவிட்டு நாங்களும் குடித்தோம். குடிக்காமல் இருக்கிற அளவுக்கு எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை.